வேதப்புத்தகத்தின் அடியில் சாவி

அந்தச் சாவியை அங்கே வைத்தபோது, தினமும் வேதப்புத்தகத்தை எடுப்பவள் எங்கள் மகள்தான் என்பது பெரியவர்களில் ஒருவருக்குக்கூட ஏன் தோன்றவில்லை?

என் மாமனார் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, நாகர்கோவிலில் ஒரு வங்கியில் காவலுக்குப் போகிறார். லைசன்ஸ் உள்ள தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை பீரோவில் பூட்டி, சாவியை வேதப்புத்தகத்தின் அடியில் வைப்பார். பிள்ளை கை வைக்காத இடம் என்று நினைத்தோம். ஆனால் மாலை ஜெபத்துக்கு அந்தப் புத்தகத்தை எடுத்துவருவது ஐந்து வயது ஜெனியின் வேலை.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அறையில் சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். பீரோ திறந்து கிடந்தது. ஜெனி தரையில் படுத்து, துப்பாக்கிக் குழலுக்குள் கண்ணை வைத்திருந்தாள்.

"அம்மா, உள்ள ஒரே இருட்டா இருக்கு."

என் அலறல் கேட்டு ஓடிவந்த மாமா துப்பாக்கியைத் திறந்து பார்த்தார். தோட்டா இல்லை.

"நான் லோடு பண்ணி வைப்பனா மக்கா? பட்டாளத்துக்காரனாக்கும்" என்றார். ஆனால் தோட்டாப் பெட்டி அதே பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது.

இப்போது தோட்டாக்கள் வேறு அறையில், பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. இரண்டு சாவிகளும் எந்நேரமும் மாமாவின் உடம்போடு இருக்கின்றன. தினமும் நானும் ஒருமுறை பூட்டுகளை இழுத்துப் பார்க்கிறேன்.

ஜெனி மட்டும், ஜெபத்துக்குப் புத்தகத்தைத் தூக்கியதும் அடியில் பார்த்துவிட்டு, "சாவி எங்கம்மா?" என்கிறாள். "தெரியாது மக்களே" என்று பொய் சொல்கிறேன். துப்பாக்கியைப் பற்றி விளக்கினால் ஆசை கூடுமோ, மறைத்தால் தேடுவாளோ? இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை வளர்த்தவர்கள், நீங்கள் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்களேன்.