அண்ணன் குரலைப் பிடிக்கப் போன நான்

கம்ப்யூட்டரில் நான் பெரிய சூரன் என்று சிதம்பரத்தில் நம்பிய ஒரே ஆள் நான்தான். விண்டோஸ் செவன் புதிதாக வந்திருந்த நேரம். சிங்கப்பூரிலிருந்த அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய். மறுநாள் ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடும் என்றார்கள். கடலூரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்காக, வீடியோ காலில் அவர் பேசுவதைப் பதிவுசெய்ய உட்கார்ந்தேன்.

அண்ணன் நெடுநேரம் பேசினார். முடிந்ததும் பார்த்தால் ஒன்றுமே பதிவாகவில்லை. பதறிப்போய் மறுபடி கூப்பிட்டு, கீபோர்டில் பதிவுக்கான பட்டனை ஆணி அடிப்பதுபோல் அடித்தேன்.

"கீபோர்டு உனக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?" என்றார் அண்ணன், கரகரத்த குரலில்.

பிறகுதான் உறைத்தது. ஜம்பமாக வீடியோ காலை மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டராக, அதாவது கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தோடு, திறந்திருந்தேன். அது முன்னால் நிற்கும்வரை, சாதாரணமாகத் திறந்த, பதிவுசெய்யும் ரெக்கார்டருக்கு நான் அழுத்தும் பட்டன் போய்ச் சேராது. ரெக்கார்டரையும் அப்படியே திறந்தேன், ஓடியது.

"ஓடுதுண்ணே! பேசுண்ணே, பேசு!"

அதற்குள் அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்க மட்டுமே முடிந்தது. மறுநாள் குரல் போனது. பதிவில் மிஞ்சியது என் கத்தலும் அவர் சிரிப்பும்தான்.

அம்மா இன்றும் கேட்பார்: "நீ கத்துனது போதும், அவன் சிரிக்கிறத வைடா."

வைத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல் வெளியே போய்விடுவேன்.