மடத்துச் சுவாமிமாரின் இசை

பொனிபஸ் அண்ணர் பேசாலைக் கிராமத்தில் இருந்து ஜேர்மனிக்குப் போனது எண்பதுகளின் நடுவில். ஸ்டுட்கார்ட்டில் ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவினார். மொழி தெரியாது, பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில், எழுபதுகளில் வெளிவந்த ஜேர்மன் றொக் இசைத்தட்டுகள் ஒரு கட்டு மலிவாகக் கிடைத்தது. தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே உருப்படி. பாடுவதற்கு ஆளே இல்லை. ஓர்கனும் கிற்றாரும் தங்கள் பாட்டுக்கு அலைந்து திரிந்து, நினைத்த நேரம் வெறி பிடித்துக் கத்தும். சொற்கள் இல்லாதபடியால் உனக்கு விளங்காது என்று ஒருத்தரும் சொல்ல முடியாது, அதுதான் பிடித்தது என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

கலியாணம் முடித்து சிட்னிக்கு வந்தபோது தட்டுகளும் கூடவே வந்தன. அங்கே வென்ட்வேர்த்வில்லில் இருந்த வீட்டுக் கராஜில் அவற்றை அடுக்கி, மேலே போர்வை போட்டு மூடி வைத்திருந்தார். என்னவோ களவுச்சாமான் மாதிரி. அவருடைய மனைவி டொறத்தி அக்காவுக்கு அது மிக்சி சத்தம், அவ்வளவுதான். வெட்கப்பட்டது அண்ணர்தான்.

"கஞ்சா அடிக்கிறவங்கட பாட்டெண்டு சனம் நினைக்கும்" என்பார். யாராவது வாசல் மணியை அடித்தால் போதும், ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் புல்லு வெட்டும் மெசினைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

எங்கள் தமிழ்த் திருப்பலிக்கு ஒலிபெருக்கி பார்ப்பவரும் அவரே. அந்த மேசையில் வேறு யாரும் கை வைக்கக்கூடாது. வைத்தால் ஒரு முறைப்பு முறைப்பார், நமக்கு விசுவாசமே ஆடிப்போகும்.

போன தவக்காலத் தியானத்துக்கு வந்த சுவாமியார், மௌனச் செபத்தின்போது சொற்கள் இல்லாத இசை ஏதாவது போடச் சொன்னார். அண்ணருக்கு ஆசை வந்துவிட்டது. போனில் பதிந்து வைத்திருந்த ஒரு தட்டின் பக்கத்தைப் போட்டார். தொடக்கத்தில் ஓர்கன் மட்டும், மெதுவாக, அழுகிற மாதிரி. கோயில் அப்படியே உறைந்துபோனது. பின்வரிசையில் சிலர் விம்மியது எனக்குக் கேட்டது. ட்ரம்ஸ் தொடங்குவதற்குச் சற்று முன்பு, சத்தத்தைக் கையால் மெல்லக் குறைத்து நிறுத்தினார்.

பாடகர் குழுத் தலைவி சிவாஜினி ஓடி வந்தாள்.

"அங்கிள், இது எந்தக் கோயில் மியூசிக்?"

அங்கேதான் மனிதர் சறுக்கினார். முழுக் கோயிலும் பார்க்கிறது. றொக் என்று சொல்ல நா எழவில்லை.

"ஜேர்மனியில ஒரு மடம். சுவாமிமார் வாசிச்சது" என்றார்.

அதன் பிறகு அதுவே பேச்சானது. ஒவ்வொரு மாத முதல் வெள்ளித் திருப்பலிக்கும் சுவாமிமாரின் இசைதான். அண்ணர் வெளியே சிரித்தார், உள்ளே நொந்தார். நாற்பது வருடமாகக் காதலித்த ஒன்றுக்கு அங்கி மாட்டிக் கோயிலுக்குக் கூட்டி வந்துவிட்டேன் என்ற வெட்கம் அவரை அரித்தது. இதை எனக்கு மட்டும்தான் சொன்னார். போய் உண்மையைச் சொல்லுங்கோ என்றேன். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளினார்.

அதற்குள் அவருடைய சிநேகிதர் மரியதாசுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் மரியதாஸ் அண்ணரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ர பெட்டி வெளிய போகேக்க அந்தச் சுவாமிமாற்ற இசையப் போடு மச்சான். நீயும் தூக்கவேணும்."

அண்ணர் வாயைத் திறந்தார். பிறகு, "ஓம்" என்று தலையாட்டினார்.

அடக்கத் திருப்பலியன்று நான் அவரோடு சேர்ந்து பெட்டி தூக்கினேன். முதலே ஓர்கன் பகுதியை மட்டும் வெட்டிப் பதியச் சொல்லியிருந்தேன். "ஒரு பக்கமெண்டா ஒரு பக்கந்தான், அதை நடுவில வெட்டுறது கொலை" என்று மறுத்துவிட்டார். மெல்லிய ஓர்கன் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி, பாட்டைப் போட்டுவிட்டு வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார். ட்ரம்ஸ் தொடங்க முதல் வெளியே போய்விடலாம் என்பது அவருடைய கணக்கு.

ஆனால் எங்கள் சனம் பெட்டியைச் சும்மா போக விடுமா? வாசலில் மறித்தார்கள். மரியதாசின் சகோதரிகள் பெட்டியில் விழுந்து கதறினார்கள். ஒருத்தியை விலக்கினால் மற்றவள் வந்தாள். நாங்கள் அசைய முடியாமல் நின்றோம். தோளில் பெட்டி, பின்னால் ஓர்கன். அண்ணரின் முகம் வியர்த்துக் கொட்டியது.

"தங்கச்சி, வழி விடுங்கோ பிள்ளையள்" என்று கெஞ்சினார். யாரும் கேட்கவில்லை.

ட்ரம்ஸ் இடித்தது. கிற்றார் ஊளையிட்டது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. சகோதரிகள் அழுகையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். சிவாஜினி மேசைக்கு ஓடினாள். எதைத் திருகுவது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எதையோ திருக, இன்னும் பலத்தது. இளம் பெடியன் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தினான். கடைசியில் யாரோ வயரைப் பிடுங்கினார்கள். எனக்கே கூசியது. அண்ணரைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

பெட்டியைக் காரில் வைத்ததும் மரியதாசின் மனைவி பிலோமினா அண்ணர் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, அது சுவாமிமார் வாசிச்சதோ?"

"இல்லை பிலோமினா. றொக் பாண்ட். தலைமயிர் வளர்த்த பொடியள். நான் பொய் சொன்னனான்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"பாட்டு ஆர் வாசிச்சதெண்டாலும் இருக்கட்டும். அவர் கடைசிவரைக்கும் ஒவ்வொரு நாளும் அந்தச் சுவாமிமாருக்கெண்டு ஒரு செபமாலை சொன்னவர். நோவிலயும் விடாமல் சொன்னவர். இவ்வளவு தூரத்தில இருக்கிற எனக்காக வாசிச்சவை, அவைக்காக ஆர் வேண்டப்போகினம் எண்டவர். அவர் விட்ட செபமாலையை நான் இனி ஆருக்கு ஒப்புக்கொடுக்கிறது, அண்ணை?"

கார் புறப்பட்டது, சனம் மயானத்துக்குக் கிளம்பியது. டொறத்தி அக்கா வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை பொனிபஸ் அண்ணர் தலை குனிந்தபடி அங்கேயே நின்றார்.