பேனா கேட்டவர்

அடையாறில் நான் எடுக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இன்று ஒரு அண்ணன், "கேன் யூ பாரோ மீ எ பென்?" என்றார். "பாரோ இல்லண்ணா, லெண்ட்" என்றேன் சட்டென்று. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவும் இப்படித்தான் குனிந்தார்.

அப்பா மயிலாப்பூர் குளத்தோரம் ஆட்டோ ஓட்டினார். ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே, சவாரியிடம் பேசிய இங்கிலீஷை அப்படியே நடித்துக் காட்டுவார். காக்கிச் சட்டையில் பெட்ரோல் வாசனை வீசும். "இன்னா நைனா, எப்டி கீது நம்ம இங்கிலீஷு?" என்று என்னைக் கேட்பார்.

ஏழாவது படிக்கும்போது ஒருநாள், மாமா எதிரிலேயே, "தப்புத்தப்பா பேசாதப்பா, மானம் போவுது" என்றேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு வீட்டில் அவர் இங்கிலீஷ் பேசவேயில்லை.

மூன்று வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில், எங்கே வலி என்று டாக்டர் இங்கிலீஷில் கேட்டார். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு நைனா. நான் தப்பா சொல்லிடுவேன்." அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது, அந்த அண்ணனுக்கு நான் பேனாவே கொடுக்கவில்லை. நாளைக்கு அவர் எப்படிக் கேட்டாலும் சரி, முதலில் பேனாவைக் கொடுத்துவிடப் போகிறேன்.