மருந்தும் பருந்தும்

“…பருந்து எங்கை வந்தது? மருந்து வந்திட்டுதெண்டெல்லோ சொன்னனான்! உதுக்கேன் தடியைத் தூக்கிக்கொண்டு ஓடுறியள்?”

என் இடது காதோடு வாயை வைத்து மனைவி பாக்கியம் கத்தினாள். நான் கோழிக்குஞ்சுகளைக் காக்க, தடியோடு வானத்தைப் பார்த்து நின்றேன். வேலிக்கு அப்பால் பக்கத்துவீட்டுச் சின்னத்துரை அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிளினிக்கில் முடிந்திருந்த என் குளிசைகள் (மாத்திரைகள்) வந்துவிட்டன என்று சொல்ல வந்தவர் அவர்.

தர்மபுரத்துக்கு இடம்பெயர்ந்து வந்த பிறகுதான் எனக்குச் சயரோகம் (காசநோய்) என்று தெரிந்தது. நாள்தோறும் ஊசி போட்டார்கள். இருமலும் இரத்தமும் நின்றன. ஆனால் அந்த ஊசிமருந்து சிலருக்குச் செவிநரம்பைத் தொட்டுவிடும். என்னைத் தொட்டது. ஊசியை நிறுத்திக் குளிசையை மட்டும் தொடர்ந்தார்கள். வலது காது போய்விட்டது. இடது காதில் கொஞ்சம் மிச்சம். அதுவும் கிட்ட நின்று கத்தினால்தான்.

நானோ கதை கேட்கவென்றே தெருச்சந்திக்குப் போகிறவன். பள்ளிக்கூடத்தை விட ஆட்களின் வாயிலிருந்துதான் அதிகம் படித்தேன். மழை பிந்திய ஒரு வருடம், “வானம், பொம்பிளை பாத்திட்டுப் போய்ப் பதில் சொல்லாத மாப்பிளை மாதிரி நிக்குது” என்று சின்னத்துரை அண்ணை சொன்னதைப் பல நாள் வாய்க்குள் வைத்துச் சுவைத்தேன். இனி அப்படி ஒன்று என்னிடம் எப்படி வந்து சேரும்?

“எப்ப டொக்டர் காது திரும்பி வரும்?” என்று கேட்டேன்.

“அது வராது, ஐயா. காதுக்குள்ளை கேக்கிற இரைச்சலோடை சண்டை பிடியாதேங்கோ. இருக்குதெண்டு பாருங்கோ, விடுங்கோ. கேக்காட்டி, கேக்கேல்லையெண்டு சொல்லுங்கோ.”

முதலாவதைச் செய்ய முடிந்தது. காலையில் கிணற்றடியில் இருந்து, காதிரைச்சலை (வெளியே சத்தமில்லாமலே உள்ளே கேட்கும் ஒலி) பார்த்துக்கொண்டிருப்பேன். ஏறும், தணியும், சில்வண்டுபோல் மெலியும். இனி மாறாது என்று நான் பயந்த ஒன்றே மாறிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாவதுதான் முடியவில்லை. யார் எதைச் சொன்னாலும் “ஓம், ஓம்” என்பேன். ஒரு செத்தவீட்டுச் செய்திக்கும் சிரித்தபடி ஓம் சொன்னேன். பிறகு சந்திக்குப் போவதையே விட்டேன். வீட்டில் உதட்டைப் பார்த்து ஊகித்தேன். என்னைப்போலக் காது போனவர்கள் கண்ணாடியில் சொல்லிப் பாருங்கள்: ‘ம’வும் ‘ப’வும் உதட்டுக்கு ஒன்றுதான்.

அன்று தடியோடு நின்றபோது, பேசாமல் வீட்டுக்குப் பின்னால் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. போயிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன். தடியைக் கீழே போட்டேன்.

“எனக்குக் கேக்கேல்லை, பாக்கியம். இவ்வளவு நாளும் கேட்டமாதிரி நடிச்சனான்.”

அவள் மீண்டும் காதுக்குக் கிட்ட வந்தாள். “ஊருக்கே தெரியும். நீங்கள்தான் ஒளிச்சுக்கொண்டு திரிஞ்சனீங்கள்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. ஓடுகிற பேச்சை ஓட்டத்திலேயே பிடிக்கிற காலம் முடிந்திருந்தது. இனி ஒரு சொல்லுக்கு ஒரு முகம் முழுவதும் எனக்கு வேண்டும்.

“அண்ணை இப்ப என்ன சொல்லிச் சிரிச்சவர்?”

பாக்கியத்தின் வாய் நிறைய வெற்றிலை. வேலியோரம் போய்த் துப்பினாள். தண்ணீர் அள்ளி வாயைக் கொப்பளித்தாள். வெயில் தன் முகத்தில் விழும்படி எனக்கு எதிரே குந்தி, அண்ணை சொன்னதை முதலிலிருந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினாள்.