பாம்புப் பெண்ணுக்கு அரச நியமனம்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு ஒரு டெலிபோன். மகளின் உயிரியல் டியூஷன் மாஸ்டர்.

"ராத்தா, ஹஸ்னாவுக்குச் சுகமில்லையா? மூணு கிழமையா வகுப்புக்குக் காணல்லயே..."

சுகமில்லையா? எட்டரைக்குத்தான் நான் அவித்த இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டுப் போனாள். மூன்று வாரமாக ஒவ்வொரு நாளும் அப்படித்தான் போகிறாள். அப்படியென்றால் எங்கே போகிறாள்?

ஆட்டோவில் ஏறினேன். டியூஷன் வாசல், பஸ் ஸ்டாண்ட், கடற்கரை வீதி... கல்முனையை அரைமணி நேரத்தில் சல்லடை போட்டுத் தேடினேன். அந்த நேரத்தில் ஒரு தாயின் மூளை தயாரிக்கும் காட்சிகளுக்குக் கிட்ட எந்தச் சீரியல்காரனும் வர முடியாது. கடலைப் பார்த்தால் ஒரு காட்சி. வேகமாகப் போகிற பஸ்ஸைப் பார்த்தால் இன்னொன்று. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகிற ஒவ்வொரு கறுப்பு அபாயாவும் ஒரு முழு எபிசோட்.

பக்கத்து ஊர் சாய்ந்தமருதில் இருக்கிற என் தங்கைக்கு நான்கு தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. ஆட்டோவை அங்கே விடச் சொன்னேன்.

கேற் திறந்தே கிடந்தது. உள்ளே டீவி அலறுகிறது — ஒரே முகத்தை மூன்று பக்கத்தால் காட்டும்போது அடிப்பார்களே, அந்த இடி. அதற்கு மேலால் ஒரு சிரிப்பு. ஹஸ்னாவின் சிரிப்பு.

முதல் வினாடி, அல்ஹம்துலில்லாஹ். இரண்டாவது வினாடி, அடிப்பதற்குச் செருப்பைக் கழற்றப் போனேன். மூன்றாவது வினாடிதான் உறைத்தது — இந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம்?

ஜன்னலோரம் நின்றுவிட்டேன்.

ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பாம்புத் தொடரின் மறு ஒளிபரப்பு. வடஇந்தியாவில் எடுத்துத் தமிழில் பேசவைத்தது. உங்கள் வீட்டிலும் ஓடும், இல்லையென்று என்னிடம் சொல்ல வேண்டாம். மூத்த பாம்பின் மாணிக்கத்தை மனிதர்கள் திருடிவிடுகிறார்கள். மீட்டே தீருவேன் என்று அது சபதம் எடுக்கிறது. தானே போய் எடுக்குமா? எடுக்காது. மகளை அனுப்பும். மகள் பெண்ணுருவில் திருடன் வீட்டுக்கே மருமகளாகப் போய், எத்தனையோ நூறு எபிசோட் அழுது, தேடி, செத்து, திரும்பி வந்து... ஒருவழியாக இந்தக் கிழமையோடு முடிகிறதாம்.

"சீரியல் முடிஞ்சா இவங்கெல்லாம் மறுகா என்ன செய்யப் போறாங்க சாச்சி?" என்றாள் ஹஸ்னா.

அது அவளுடைய கேள்வி அல்ல. பல்கலைக்கழகம் போக இரண்டு தடவை ஏ.எல். பரீட்சை எழுதிய அவளிடம், அடுத்தது என்ன என்று ஊர் கேட்கிற கேள்வி. கலியாண வீட்டில் சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்தால், பிஸ்மி சொல்லமுதல் 'இஸட் ஸ்கோர் எவ்வளவு?' இறைச்சி வருவதற்குள் 'மறுகா என்ன செய்யப் போற?' எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு மூன்றே மூன்று தொழில்தான். டொக்டர். எஞ்சினியர். மூன்றாவது — 'திரும்பவும் எக்ஸாம் எழுதுறாள்.'

அந்தக் கேள்வியை அவள் பாம்புகளிடம் திருப்பிவிட்டிருந்தாள்.

"மந்திரவாதிக்கு என்ன குறை?" என்றாள் என் தங்கை. "கண்ணை மூடினா வரப்போறதெல்லாம் தெரியும். டியூஷன் தொடங்கச் சொல்லு. எக்ஸாமுக்கு வாற கேள்வியெல்லாம் முந்தியே சொல்லுவான்."

"வந்தது வேற எண்டா?"

"புள்ளைக்கு நம்பிக்கை பத்தா எண்டுவான்."

"மாசத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் மறக்கிற மாப்பிள்ளை?"

"எலெக்ஷன் கேக்கட்டும். வெண்டதும் மறக்கிறதுக்குத்தானே ஆள் வேணும்."

"செத்துப்போன மாமியார்? ஆவியா அலையிறவ?"

"கந்தோர் வேலை. கதிரையில கைப்பை இரிக்கும், ஆள் கண்ணுக்குத் தெரியா."

ஜன்னலுக்கு வெளியே எனக்கே சிரிப்பு வந்தது. போன மாதம் ஒரேயொரு கையொப்பத்துக்காக அந்த ஆவியைத் தேடி அரசாங்க அலுவலகத்தில் நான்கு நாள் அலைந்தவள் நான்.

"பாம்புப் பொண்ணுக்கு அரச நியமனம் சாச்சி, அரசாங்க உத்தியோகம்," என்றாள் ஹஸ்னா. "நூறு வருசம் தவமிருந்து மனிசியானவ. பட்டதாரி லிஸ்டில போட்டா, இன்னும் நூறு வருசம் முணுமுணுக்காமக் காத்திட்டு இரிப்பா."

தங்கைக்குச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "அப்ப மூத்த பாம்பு? கதவுக்குப் பின்னால நிண்டு அழுறதத் தவிர அதுக்கு ஒண்டும் தெரியாதே புள்ள."

"அவவுக்கு வேலை தேடத் தேவல்ல சாச்சி. எங்கட ஊட்ட உம்மாவா வேலை பாக்கிறா."

தங்கை சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"சீ... அப்பிடிக் கதைக்காத."

"பொய்யா சாச்சி? உம்மாக்கு அந்த நாளையில மெடிசின் கொஞ்ச மார்க்கால தவறிப் போச்சி. அது அவங்கட மாணிக்கம். அத நான் எடுத்துக் குடுக்கணும். ரெண்டு தரம் போய்த் தேடிட்டன். எனக்குக் கிடைக்கல்ல சாச்சி. திரும்பப் போக ஏலா எண்டு சொன்னா உம்மா அழுவாங்க. அந்தப் பயத்திலதான் இஞ்ச வந்து இரிக்கன்."

டீவியில் மறுபடியும் இடி. மூன்று பக்கத்தால்.

அநியாயம் என்று உள்ளுக்குள் வாதாடிப் பார்த்தேன். நான் எப்போது கட்டாயப்படுத்தினேன்? 'உன்ட விருப்பம் மகள்' என்றுதானே எப்போதும் சொன்னேன் — உயிரியல் பிரிவுக்கான படிவத்தை அவள் கையில் திணித்துக்கொண்டே. முதல்தரம் ரிசல்ட்ஸ் வந்த அன்று அழவில்லையே? குசினிக்குள், அடுப்படிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டுதானே... கதவுக்குப் பின்னால்தானே அழுதேன்?

வாதம் அந்த இடத்தில் முடிந்தது.

உள்ளே போனேன். என்னைக் கண்டதும் ஹஸ்னா எழும்பி நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை. தங்கை பதற்றத்தில் ரிமோட்டைத் தேடினாள், அது அவள் கையிலேயே இருந்தது.

கைப்பையைத் திறந்தேன். மூன்றாந்தரம் பரீட்சை எழுதுவதற்கான விண்ணப்பம் அதற்குள் இருந்தது. நானே உட்கார்ந்து நிரப்பியது. அவளுடைய கையொப்பம் மட்டும்தான் பாக்கி.

"விருப்பமெண்டா கையொப்பத்தை வை. இல்லையெண்டா கிழிச்சிப் போடு," என்றேன். அழாமல் சொன்னேன். ஏறக்குறைய அழாமல்.

அவள் நம்பவில்லை. "மறுகா என்ன செய்யப் போற எண்டு கேக்க மாட்டீங்களா?"

"கேக்க மாட்டன்."

"எனக்குத் தெரியாது உம்மா."

"சரி. தெரியாது."

என் மகள் இருபது வருடத்தில் என்னிடம் 'தெரியாது' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள்... முதுகிலிருந்து நெல்மூட்டையை இறக்கியவர்கள் விடுகிற மூச்சு.

பிறகு படிவத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். கிழிக்கவில்லை. நாலாக மடித்து என் கையிலேயே தந்தாள்.

"முழுக்க உங்கட எழுத்தாத்தானே உம்மா இரிக்கி. நீங்களே போய் எழுதுங்களன்."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

நியாயம்தானே? மாணிக்கம் என்னுடையது. தொலைத்தவளும் நான். அப்படியென்றால் தேடிப் போக வேண்டியவள் யார்?

விண்ணப்பம் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. கடைசித் திகதிக்கு நான்கு நாள் இருக்கிறது. எழுதலாம்தான், பரீட்சைக்கு வயதெல்லை இல்லை... ஆனால் அந்த மண்டபத்தையும், கவிழ்த்து வைத்த வினாத்தாளையும், மணியடிக்கிற சத்தத்தையும் நினைத்தால் — சத்தியமாக, எனக்கும் ஒரு புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கிறது.