ஆறு மணிவரை கதைத்த மகள்

எங்கட வீட்டில் ஒரு சட்டம் உண்டு, பிள்ளைகளே. ஒருவர் தமிழில் கதைக்கத் தொடங்கினால், முடிக்கும்வரை மற்றவர்கள் குறுக்கே கதைக்கவோ வேறு அலுவல் பார்க்கவோ கூடாது. மகளுக்குத் தமிழ் வர வேண்டும் என்று நான்தான் போட்டேன்.

நாங்கள் மூன்று பேரும் டோர்செட் பார்க்கில் அப்பார்ட்மென்டில் இருந்தோம். நகரத்தின் ஓரத்தில், ரூஜ் பக்கம், வாங்க ஒரு வீடு பார்த்தோம். ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்குள் கையெழுத்து வைக்காவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். மனைவிக்குச் சம்மதம். மகளுக்கு இல்லை. வீடு மாறினால் பள்ளிக்கூடமும் மாற வேண்டும்; படிப்பு முடிய அவளுக்கு இன்னும் ஒரு வருசம் இருந்தது.

ஐந்து மணிக்குத் தொடங்கினாள். "அப்பா, நான் தமிழிலதான் கதைக்கப்போறன்."

பள்ளிக்கூடம், சிநேகிதிகள், கதவு நிலையில் அவளுடைய உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் எல்லாம் வந்தன. காரணங்கள் முடிந்ததும், லிப்டில் இடியப்பத்தோடு மாட்டுப்பட்ட ஒன்பதாம் மாடி அன்ரியின் கதை. ஒரு சொல் வராவிட்டால் நின்று யோசித்தாள். நாங்களும் காத்திருந்தோம்.

"எடியே, மணி அஞ்சே முக்கால்! உது என்ன விளையாட்டு?" என்றா மனைவி.

"இதுக்குப் பேர் பிலிபஸ்டர், அம்மா. வோட் எடுக்க விடாமல் பாராளுமன்றத்திலயும் இப்பிடிக் கதைச்சுக்கொண்டே நிப்பினம். முந்தி ஒல்லாந்தர் அந்தச் சொல்லை, கப்பல்ல... களவெடுக்கிற ஆக்களுக்கு..."

"கொள்ளைக்காரர்," என்று எடுத்துக்கொடுத்தேன்.

"ஓம், கொள்ளைக்காரருக்குச் சொன்னவை. அதை ஸ்பானியர் எடுத்தவை. பிறகு அமெரிக்காவில இருந்து சொந்தப் படையோட போய் மற்ற நாடுகளைப் பிடிச்ச ஆக்களுக்கும் அதே பேர். கடைசியா, சபையின்ர நேரத்தைப் பிடிக்கிற ஆக்களுக்கு."

அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லும் கந்தோர், ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

"நிப்பாட்டவும் வழி இருக்கு. கனபேர் கை தூக்கினா நிப்பாட்டலாம். இஞ்ச ரெண்டு கை போதும்."

மனைவியின் கை உடனே மேலே போனது. "இஞ்சேருங்கோ, தூக்குங்கோவன்!"

என்னுடைய கை பேனையில் கிடந்தது. என்ர பிள்ளை இவ்வளவு நேரம் தமிழில் கதைத்து நான் கேட்டதே இல்லை.

"கொஞ்சம் பொறுமப்பா. பிள்ளை இன்னும் முடிக்கேல்லை," என்றேன் மனைவியிடம்.

ஆறு மணியானது. மகள் பாதி வசனத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"கொள்ளைக்காரி," என்று சொல்லிக்கொண்டு மனைவி தேத்தண்ணி போட எழும்பினா.

நான் பேனையை மூடினேன். "லிப்ட் கதை பாதியில நிக்குது, பிள்ளை. அந்த அன்ரி எப்பிடி வெளியில வந்தவ?"