திட்டே வாங்காத பெண்

டேட்டன் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பாளராக இருந்தாள் லோர்னா ப்ரூயிட். வருகிறவர்களிடமெல்லாம் "வலிக்கவே வலிக்காதுங்க" என்று சிரித்த முகமாகச் சொல்வதுதான் வேலை. அதை நம்பி நம்பி அவளுக்கே வலி தெரியாமல் போய்விட்டது.

மாலையில் மகளோடு அவள் குடியிருப்பதே மிஸ் வெர்னாவின் பாலே நடனப் பள்ளியில்தான். கார்ப்பெட் கடைக்கும் பீட்சா கடைக்கும் நடுவில் இருந்தது. பெற்றோருக்கு ஒரு கண்ணாடிச் சுவரும் சில பிளாஸ்டிக் நாற்காலிகளும் உண்டு. மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல அம்மாக்கள் அதன் முன் உட்கார்ந்திருப்பார்கள்.

"மார்லோ, முட்டி! மார்லோ, இடுப்பு எங்க போகுது, ஊர் சுத்தவா? அது பாதமா, செத்த மீனா?"

மிஸ் வெர்னா மார்லோவைக் கரித்துக் கொட்டும்போதெல்லாம் லோர்னா கைப்பையிலிருந்து ஒரு புதினா மிட்டாய் எடுத்து மார்லோவின் அம்மா ஹெய்டியிடம் நீட்டுவாள்.

"மனசுல வச்சுக்காத ஹெய்டி. எல்லாப் பிள்ளைக்கும் வராதில்ல?"

"ஆமா லோர்னா, அதுக்கெல்லாம் குடுப்பினை வேணும். உன் கொரீன் மாதிரி."

லோர்னாவின் மகள் கொரீன் ஆறு வயதில் சேர்ந்தவள். அன்றிலிருந்து ஒரு திட்டு வாங்கியதில்லை. ஹெய்டியின் கன்னத்தில் ஒதுங்கியிருப்பது மிட்டாயா சிரிப்பா என்று லோர்னா ஒருநாளும் யோசித்ததில்லை.

கல்லூரியில் பாலே படிக்கும் வயது வந்தது. மார்பில் எண் எழுதிய துணியைக் குத்திக்கொண்டு கொரீன் இரண்டு கல்லூரிகளின் நுழைவுத் தேர்வில் ஆடிக் காட்டினாள்.

ஒன்று மலையடிவாரத்தில். ஆஸ்குட் என்ற ஒல்லிக்குச்சி வாத்தியார் அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, குழாயைத் திருகுவதுபோல் திருகினார். "இத்தனை வருஷமா உனக்கு யார் சொல்லிக் குடுத்தது? இல்ல, யாருமே சொல்லிக் குடுக்கலையா? மறுபடி ஆடு. தப்பு. மறுபடி!" அத்தனை பேர் முன்னிலையிலும். கொரீன் முகம் சிவக்க வெளியே வந்தாள். கண் மட்டும் ஏனோ மின்னியது.

மற்றது ஏரிக்கரையில். புதுக் கட்டடம், பெற்றோருக்குக் காபி. யார் என்ன ஆடினாலும் "அழகு, அழகு!" யாரும் யாரையும் தொடவில்லை. புறப்படும்போது ஒரு துணிப்பை வேறு கொடுத்தார்கள்.

இரண்டிலும் இடம் கிடைத்தது. சண்டை காரில் நடந்தது.

"ஏரிக்கரைதான். பேச்சே கிடையாது."

"எனக்கு மலைதான் வேணும்மா."

"அந்த ஆளு உன்ன நாய் மாதிரி விரட்டினான்டி!"

"என்னைப் பார்த்தாரும்மா."

"எல்லாருந்தான் பார்த்தாங்க."

"இல்ல. பாலேல திட்டுறதுதான் கவனிப்பு. இவ தேறுவான்னு தோணுனாத்தான் வாயத் தொறப்பாங்க. தேறமாட்டான்னா, பாவம், ஆசைக்கு ஆடிட்டுப் போகட்டும்னு விட்டுடுவாங்க. மிஸ் வெர்னா என்னை ஒருநாள்கூடத் திட்டினதில்லம்மா!"

"அதைத்தானே நானும் சொல்றேன்!" என்றாள் லோர்னா வெற்றியோடு.

கொரீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருந்தாலும் சந்தேகத்தைத் தீர்த்துவிட லோர்னா நேரே மிஸ் வெர்னாவிடம் போனாள்.

"நீங்களே சொல்லுங்க. என் பொண்ணுகிட்ட ஏதாவது குறை சொல்லணும்னு தோணியிருக்கா?"

மிஸ் வெர்னா கண்ணாடி வழியே உள்ளே ஆடிக்கொண்டிருந்த கொரீனைப் பார்த்தாள். அநேகமாக முதல்முறையாக.

"அவகிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல லோர்னா."

லோர்னா பூரித்துப்போனாள். அன்றே ஏரிக்கரைக் கல்லூரியில் கொரீன் பெயரைப் பதிவு செய்துவிட்டாள். ஆஸ்குட்டிடம் மார்லோ போய்ச் சேர்ந்தாள்.

இலையுதிர் காலத்தில் ஏரிக்கரைக் கல்லூரி பாடம் பார்க்கப் பெற்றோரை அழைத்தது. லோர்னா முன்வரிசையில் உட்கார்ந்தாள். அங்கேயும் பாடம் தொடங்கியதும் ஆசிரியை கத்தத்தான் செய்தாள். கொரீனுக்கு முன்னால் நின்றவளுக்கு ஒரு அதட்டல், பின்னால் நின்றவளுக்கு ஒரு வசவு. கொரீனை மட்டும், ஓடும் கார் தெருவிளக்குக் கம்பத்தைத் தாண்டுவதுபோல், அவள் பார்வை தாண்டிப் போனது.

அன்று காரில் கொரீன் சொன்னது இப்போதுதான் லோர்னாவின் காதில் வந்து விழுந்தது.

'கத்து,' என்று உதட்டுக்குள் சொன்னாள். 'என் பொண்ணப் பாத்து ஒரே ஒரு தடவை கத்தேன்.'

ஆசிரியை கொரீனிடம் வந்து நின்றாள். அவள் கை கொரீனின் இடுப்பைத் தொட்டது. லோர்னா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"கண்ணு, கொஞ்சம் தள்ளிக்கோம்மா. பின்னாடி நிக்கிறவ கால் தெரியல," என்று சிரித்தபடி அவளை ஓரமாக நகர்த்திவிட்டு ஆசிரியை பின்னால் பாய்ந்தாள். "ஏய், அது முட்டியா, கதவுக் கீலா?"

லோர்னாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"அது என் பொண்ணு. எப்பப் பாரு வசவுதான். ஓரமா நிக்கிறது உங்க பொண்ணா? குடுத்து வச்சவங்க நீங்க, ஒரு திட்டு விழல."

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்," என்றாள் லோர்னா. கை பழக்கத்தில் பைக்குள் போனது. "மனசுல வச்சுக்காதீங்க."

அந்த அம்மாள் மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். லோர்னா இந்த முறை அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.